அளந்து பார்க்கும்வரை அது சின்ன அடி இல்லை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு விமானத்தின் இறக்கை நுனி, நின்றிருந்த இன்னொரு விமானத்தின் வாலில் போய் உரசுமே, அதுதான். வீடியோவைவிட அதற்குக் கீழே வந்த கருத்துகள்தான் இரண்டு நாளாக என் மனதை அறுக்கின்றன. "இத்தனூண்டு கீறலுக்கு விமானத்தையே ரத்து செய்வார்களா?" "ஒரு டேப்பை ஒட்டிக் கிளம்ப வேண்டியதுதானே?" "மெக்கானிக் எல்லாம் சோம்பேறிகள்." கடைசி வரியை எழுதியவர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் விமானத்தின் உடம்பைச் சரிசெய்யும் வேலை பார்த்தவன் நான். நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: அளந்து பார்க்கும்வரை அது சின்ன அடி இல்லை.

விமானத்தின் தோல் பல இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே அழுத்தம் ஏறி அது உப்புகிறது, இறங்கும்போது தளர்கிறது. அதில் ஒரு ஒடுக்கு விழுந்தால் ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, உள்ளே ஓடும் சட்டத்திலிருந்து எத்தனை தூரம் என்று அளக்க வேண்டும். அந்த ரக விமானத்துக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த பழுதுபார்ப்புக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். உயரத்தைக் கணக்கிடக் காற்றழுத்தம் எடுக்கும் சிறு துளைகள் பக்கவாட்டில் இருக்கும். அவற்றுக்கு அருகே தோல் லேசாக நெளிந்தாலே உயரக் கணக்கு பிசகலாம். மேலே ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் 1,000 அடிதான் இடைவெளி.

இதெல்லாம் அலுமினியத்துக்கு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களின் எடையில் பாதி கார்பன் நார்க் கலவை. அதில் அடி விழுந்தால் மேல்பரப்பு பழையபடி நிமிர்ந்துவிடும், உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

சரி, டேப். ஸ்பீட் டேப் என்று விமானத்தில் ஒட்டும் அலுமினிய டேப் ஒன்று இருப்பது உண்மை. நானே ஒட்டியிருக்கிறேன். பாரம் தாங்காத ஒரு மூடியின் ஓரத்தில், கையேடு அனுமதித்தால், தற்காலிகமாக. பாரம் தாங்கும் இடத்தில் யாரும் அதை ஒட்ட மாட்டார்கள்.

அவசரப்படுத்துபவர்களுக்கு இரண்டு விமானங்களைச் சொல்கிறேன். 1978-ல் ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 747-ன் வால் ஓடுபாதையில் உரசியது. பழுது பார்த்தபோது, இரண்டு வரிசை ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தாங்க வேண்டிய இணைப்பை ஒரு வரிசை மட்டும் தாங்கும்படி செய்துவிட்டார்கள். 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்த இணைப்பு பிய்ந்தது. 520 பேர். இன்னொன்று சைனா ஏர்லைன்ஸ் 747. 1980-ல் வால் உரசியது. கீறலை முழுசாக எடுக்காமல் மேலே தகடு வைத்து மூடினார்கள். தகட்டுக்கு அடியில் விரிசல் 22 வருடம் வளர்ந்தது. 2002-ல் 225 பேர். இதற்கு மேலும் "சின்ன அடிதானே" என்றால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

"பைலட்டுக்குக் கண் இல்லையா?" என்று கேட்டவருக்கு: பெரிய விமானங்கள் பலவற்றில் காக்பிட்டில் உட்கார்ந்தபடி இறக்கை நுனியைப் பார்க்க முடியாது. திரும்பும்போது அந்த நுனி இன்னும் வெளியே வீசும். 2011-ல் நியூயார்க்கில் ஏ380-ன் இறக்கை ஒரு சிறிய விமானத்தின் வாலில் மோதி அதை அப்படியே சுழற்றியது. 2024-ல் அட்லாண்டாவில் ஏ350 ஒன்று இன்னொரு விமானத்தின் வாலையே முறித்தது. அந்தப் பைலட்டுகளுக்கும் கண் இருந்தது.

"பயணிகள் அவதிப்பட வேண்டுமா?" வேண்டாம். தகவல் சொல்லாமல் உட்காரவைத்தது தப்பு, கேளுங்கள். அதற்கு ஹேங்கரில், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில், முட்டி போட்டு நிற்பவனை ஏன் திட்டுகிறீர்கள்?

உண்மையில் என்னை உறுத்துவது வேறு. ஒரு ராத்திரி, சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டும் பையன் ஓடிவந்தான். "அண்ணா, கதவு ஓரத்துல லேசா பட்டுடுச்சு, வந்து பாருங்க." டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமாகி பொத் என்றது. அல்ட்ராசோனிக் கருவி வைத்து ஒலி அலையால் சோதித்தால் உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கு பிரிந்திருந்தது. விமானம் மூன்று நாள் நின்றது. பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், யாரும் காது கொடுக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த விமானம் காலையில் பறந்திருக்கும்.

2005 டிசம்பரில் சியாட்டிலில் ஒரு விமானம் அப்படித்தான் பறந்தது. வண்டி இடித்ததை ஊழியர் சொல்லவில்லை. சுமார் 26,000 அடியில் ஒரு அடி நீளத்துக்கு ஓட்டை விழுந்து உள்ளழுத்தம் போனது. எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள்.

"தப்பு செய்தவனுக்குத் தண்டனை வேண்டாமா?" என்று இதற்கும் யாராவது வருவீர்கள். அவன் செய்த தப்புக்கா, அதைச் சொன்னதற்கா என்று முதலில் பதில் சொல்லுங்கள்.

அவன் போய் மூன்று வாரம் கழித்து, புறப்படும் முன் சுற்றிப் பார்க்கும்போது வேறொரு விமானத்தின் அடிவயிற்றில் ஒடுக்கு ஒன்று கண்ணில் பட்டது. விசாரித்தேன், யாருக்கும் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஒடுக்கைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குத் தோல் மற்ற இடத்தைவிடச் சுத்தமாகப் பளபளத்தது. யாரோ துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.