கடவுச்சொல் கொடுத்தால் போதுமா?

நீலகிரியில் நான் தமிழ் கற்பித்த கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 'மின்நூலகப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறை உண்டு. உள்ளே ஆறு கணினிகள். மழைக்கால ஈரத்துக்கு அஞ்சி அவற்றின் மேல் துணி போர்த்தியிருக்கும். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிற வாரத்தில் மட்டும் துணி விலகும், கதவும் திறக்கும்.

குஜராத்தின் காந்திநகரிலுள்ள, உயர்கல்வி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் எங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கிடைக்கும். அதைக் கொண்டு மின்நூல்களையும் ஆய்விதழ்களையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். மணி நான்கு அடித்ததும் கூடலூர்ப் பேருந்துக்கும் மஞ்சூர்ப் பேருந்துக்கும் ஓடுகிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி ஏது? ஆனால் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கையில் கொடுத்ததோடு கல்லூரியின் கடமை முடிந்துவிட்டது. என் வகுப்பில் அதை இரண்டாம் முறை திறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டி அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் என்ற கணக்கைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கதவு அகலத் திறந்திருக்கிறது, சரி. உள்ளே சென்று எதை எப்படித் தேடுவது என்று முதல் தலைமுறை மாணவிக்குக் காட்டப்போவது யார்?

நீலகிரியில் வாழும் படுகர் மக்களின் வாய்மொழிப் பாடல்களைப் பற்றி எழுதிய மாணவி ஒருத்தி, ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் 'சோத்கங்கா' தளத்தில் தமிழில் தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லைங்க ஐயா" என்று வந்து நின்றாள். நூலகர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலைப்பை ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதித் தேடி, பத்து நிமிடத்தில் இரண்டு ஆய்வேடுகளை எடுத்துக் கொடுத்தார். யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு எழுத்துகளின் குவியல்தான் என்பதையும், ஸ்கேன் செய்து வெறும் படமாக ஏற்றிய பக்கங்களில் தேடலே செல்லாது என்பதையும் அவர் விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒரு பருவப் பாடத்துக்கு ஈடாக மதிக்கிறேன். அதே நூலகர் மற்ற நாட்களில் கட்டண ரசீது எழுதிக்கொண்டிருந்தார் என்பது தனிக்கதை.

தேடக் கற்பதோடு சேமிக்கவும் கற்க வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்று எண்ணிம வடிவில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன என்றால், எந்த நாளில் எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பு படத்தோடு இருந்ததே காரணம். எங்கள் துறை மாணவர்கள் கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் பதிவுசெய்த பாட்டிமார் குரல்களோ, 'புதிய கோப்பு 3' என்ற பெயரில் யாருடைய பென்டிரைவிலோ கிடக்கின்றன. பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாளில் பதிவானது, அதைப் பிறர் கேட்க அவர் சம்மதித்தாரா என்ற நான்கு விவரங்களை எழுதி வாங்கிக்கொண்டுதான் நூலகம் அவற்றை ஏற்க வேண்டும். கடைசி விவரத்தை நான் அழுத்திச் சொல்வேன். இழவு வீட்டில் பாடிய பாட்டை உலகமே கேட்கட்டும் என்று முடிவெடுக்கும் உரிமை ஆய்வு மாணவனுக்கு இல்லை.

ஆகவே நான் கேட்பது இன்னும் ஆறு கணினிகளை அன்று. முதல் பருவத்தின் கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளையை நூலகரின் பெயரில் எழுதுங்கள்; ரசீதுப் புத்தகத்தை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புங்கள். அந்தப் பாடவேளைகள் மதியத்துக்கு முன் அமையட்டும், ஏனென்றால் மூன்றரை மணிக்கே மஞ்சூர்ப் பிள்ளைகளின் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.