உறைந்துபோன காலமா, ஆளில்லாத வீடுகளா?

செக் குடியரசில், தெற்கு பொஹீமியாவின் ஹோலஷோவிட்சே கிராமத்தைப் பற்றி எந்தப் பயணக் குறிப்பை எடுத்தாலும் 'காலம் உறைந்து நிற்கும் ஊர்' என்று எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. காலம் சும்மா உறையாது. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் அந்த அழகு வேறு மாதிரி தெரியும்.

பட்வைசர் பீருக்குப் பேர் கொடுத்த செஸ்கே புட்யெயோவிட்சே நகரத்திலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். தெற்கே ப்லான்ஸ்கி லெஸ் மலைக்காடு, அதில் 1084 மீட்டர் உயர க்லெட் சிகரம். ஊர் என்று பார்த்தால் நடுவில் நீண்ட புல்வெளி, ஒரு குளம், 1755இல் கட்டிய சின்னத் தேவாலயம், சுற்றிலும் 23 பண்ணை வீடுகள். அவ்வளவுதான்.

வீடுகளின் முகப்பைப் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்து வரிசையாக நிற்கும் முக்கோண நெற்றிச் சுவர்கள். அவற்றில் வளைவுகள், சுண்ணாம்புச் சுருள் வேலை, வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை. வீட்டையும் பக்கத்துக் கட்டடத்தையும் சேர்க்கும் மதிலில் வளைந்த நுழைவாயில், மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு. உள்ளே முற்றம், பின்னால் களஞ்சியம், அதற்கும் பின்னால் வயல். இதை 'நாட்டுப்புற பரோக்' என்கிறார்கள். பரோக் என்பது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரமான கட்டடப் பாணி. ஆனால் பெரும்பாலான முகப்புகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. அதற்குள் நகரங்களில் பரோக் பழங்கதை ஆகிவிட்டது. 1848இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசு பண்ணையடிமை வேலையை ஒழித்தது. அதுவரை பிரபுவுக்கும் மடத்துக்கும் இலவசமாக உழைத்தவர்களின் கையில் முதன்முறையாகச் சொந்த நிலம், கொஞ்சம் காசு. அரண்மனைகளில் பார்த்ததை வீட்டு வாசலில் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பெருமிதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த ஊர் முதலில் எழுத்தில் வருவது 1263இல். 1292இல் பொஹீமிய அரசர் இரண்டாம் வாக்லாவ் இதை விஷ்ஷி ப்ரோட் என்ற கிறிஸ்தவத் துறவி மடத்துக்குக் கொடுத்தார். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் மடத்துச் சொத்து. 1520களில் பிளேக் வந்தது. ஊரில் இரண்டே பேர் மிஞ்சினார்கள் என்று சொல்கிறார்கள். மடம் சும்மா இருக்குமா? நிலம் தரிசாகக் கிடந்தால் வருமானம் ஏது? பவாரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் குடியானவர்களை வரவழைத்துக் குடியேற்றியது. அப்படித்தான் இது ஜெர்மன் பேசும் ஊரானது. 1895 கணக்கில் ஜெர்மானியர் 157 பேர், செக் மக்கள் 19 பேர்.

அப்புறம் ஹிட்லர். நாஜிகள் செக் மண்ணில் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1942 ஜூனில் லிடிட்சே என்ற ஒரே கிராமத்தில் 173 ஆண்களைச் சுட்டுக் கொன்று, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். போர் முடிந்ததும் அந்தக் கோபம் மொத்த ஜெர்மன் இனத்தின் மேல் திரும்பியது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1946இல் ஹோலஷோவிட்சேக்காரர்களும் போனார்கள். நானூறு வருஷமாக உழுத நிலம், தாத்தா கட்டிய முகப்பு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு.

அதன்பின் பல பண்ணைகள் பூட்டிக் கிடந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பாழடைந்தன. மற்ற கிராமங்களில் குடியிருந்தவர்கள் வசதிக்கேற்ப இடித்தார்கள், ஜன்னலை அகலமாக்கினார்கள், கார் ஷெட் போட்டார்கள். இங்கே இடித்துக் கட்ட ஆள் இல்லை. 1990க்குப் பிறகு பழுது பார்த்தார்கள், மக்கள் திரும்பக் குடிவந்தார்கள், 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

ஆக, இரண்டு தடவை காலியான ஊர் இது. மக்கள் மாறினார்கள், மொழி மாறியது. மாறாமல் நின்றது இடைக்காலத்தில் அளந்து போட்ட மனைக்கோடுகள் மட்டும். அதைத்தான் 'தொடர்ச்சி' என்று கொண்டாடுகிறோம்.

'அந்த ஜெர்மன் குடும்பங்கள் இருந்திருந்தால் அவர்களும் இடித்துத்தானே கட்டியிருப்பார்கள்?' என்று கேட்கலாம். கட்டியிருப்பார்கள்தான். தகரக் கூரையும் டிராக்டர் ஷெட்டுமாக, எந்தப் பட்டியலிலும் இல்லாத சாதாரண ஊராக இருந்திருக்கும். எனக்கு அது சம்மதம்.

இவ்வளவு சொல்லியும், போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சரி, போனால் ஒன்று: அந்த வீடுகளில் இப்போது குடும்பங்கள் வசிக்கின்றன. போட்டோவுக்காகக் கதவைத் தள்ளி முற்றத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.