அத்தை படம் எடுக்காத கட்டடம்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரின் சாய்ந்த மஞ்சள் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கூட்டிப்போவேன். பீட் ப்ளோம் வடிவமைத்து 1984இல் முடிந்த கன சதுர வீடுகள். பெட்டியை ஒரு முனையில் நிறுத்தியது போல இருக்கும். ஒன்றில் டிக்கெட் வாங்கி உள்ளேயும் போகலாம். போன முறை என் அத்தை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பீரோவ எங்கப்பா வைப்பாங்க?"

சுவரே சாய்ந்திருக்கிறது. எங்கே வைக்க?

எனக்குப் பிடித்த டச்சுக் கட்டடத்துக்கு அழைத்துப்போனால் அத்தை போனையே வெளியே எடுக்க மாட்டார். ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கில், பெய்ல்மர் பகுதியில் இருக்கும் க்ளைபர்க். 11 அடுக்கு, 400 மீட்டர் நீளம், 500 வீடுகள். நடந்தால் முடியவே முடியாத கான்கிரீட்.

பெய்ல்மர் 1960களின் கடைசியில் தேன்கூட்டு வடிவில் எழுந்த குடியிருப்பு. கார் போக மேலே பாலச் சாலை, கீழே முழுக்கப் பசுமை. வரைபடத்தில் அழகுதான். ஆனால் தரைத்தளம் பூராவும் சாமான் அறைகள். மாலையில் எட்டிப் பார்க்கக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. பயம் வந்தது, வசதியுள்ளவர்கள் கிளம்பினார்கள், பிறகு கட்டடங்களை வரிசையாக இடித்தார்கள். க்ளைபர்க்கும் இடிபட வேண்டியது. ஒரு குழு அதை 1 யூரோவுக்கு வாங்கியது.

என்.எல். ஆர்கிடெக்ட்ஸ், எக்ஸ்.வி.டபிள்யூ என்ற இரண்டு நிறுவனங்களும் அதில் செய்த வேலை கொஞ்சம்தான். பின்னாளில் வெளியே ஒட்டவைத்த லிஃப்ட் கோபுரங்களை எடுத்தார்கள். சாமான் அறைகளை மேல் தளங்களுக்கு மாற்றி, தரைத்தளத்தில் ஆட்களைக் குடிவைத்தார்கள். உள்ளே? சமையலறை இல்லை, தடுப்புச் சுவர் இல்லை. வெறும் கூடு. மிச்சத்தை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. இங்கே வீட்டு வேலையைத் தானே இழுத்துப் போட்டுச் செய்வதற்கு 'க்லுஸ்ஸென்' என்று ஒரு சொல்லே உண்டு. வாடகை வீட்டில்கூடப் பலர் காலி செய்யும்போது தாங்கள் போட்ட தரையையும் பெயர்த்து எடுத்துப் போவார்கள் (முதலில் பார்த்தபோது திருடுகிறார்கள் என்றே நினைத்தேன்). அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். 2017இல் ஐரோப்பியக் கட்டடக்கலைக்கான மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குப் போனது. புதுப்பித்த பழைய கட்டடம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை.

இது புதிய யோசனையும் அல்ல. ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர் 1971இலேயே டெல்ஃப்டில் 8 வீடுகளை, எந்த அறை எதற்கு என்று சொல்லாமல் கட்டிவிட்டார்.

பொதுக் கட்டடத்திலும் இதே குணம்தான். டில்பர்கின் லோக்ஹால் நூலகம் 1932இல் கட்டிய ரயில் எஞ்சின் கொட்டகை. பழைய தண்டவாளத்தை அப்படியே விட்டு, அதன்மேல் உருண்டோடும் பெரிய மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் வந்தால் தள்ளிக்கொள்ளலாம்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். க்ளைபர்க்கின் சுதந்திரம் வாங்கியவர்களுக்குத்தான். நான் வாடகைக்காரன். எங்கள் சமையலறை வரவேற்பறையோடு ஒட்டிய திறந்த வகை. தாளித்தால் சோபா வரை கடுகும் பெருங்காயமும். நடுவில் ஒரு தடுப்பு, அதுவும் என் செலவில், போட்டுக்கொள்ளட்டுமா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். வடிவமைப்பின் திறந்த தன்மை கெடுமாம்.