கொலைக் கதையும் கோயில் புத்தகமும்

அண்மையில் வாசித்து முடித்த புத்தகங்களைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். வேலை முடிந்து வந்து, அடுப்படி அலுவலும் முடித்து, நித்திரை வரும்வரைக்கும் வாசிக்கிற ஒருத்தியின் கருத்தாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை கைக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டு பக்கமாக விழுந்துவிட்டன. ஒரு பக்கம் சமயம், மறு பக்கம் கொலை. மாறி மாறி வாசித்ததில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. நல்ல சமய நாவலும் நல்ல மர்மக் கதையும் பாவத்தைப் பாரமான பொருளாக எடுக்கின்றன. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்த தீங்கை அவை சும்மா கடந்து போவதில்லை. இரண்டு வகையிலும் மட்டமானவை எவை என்றால், அந்தத் தீங்கைக் கதையை ஓட்டுவதற்கு மட்டும் பாவித்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவைதான்.

"ஏன் பிள்ளை, வெள்ளிக்கிழமையிலயும் கொலைக் கதைதானா? ஒரு தேவாரத்தைப் படிக்கலாமே" என்று மாமி கேட்பார். அவருக்கு நான் சொன்ன பதில் பிரவுண் பாதிரியார்.

இந்தப் பாதிரியார் துப்பறிகிறவர். ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் எழுதிய கதைகள் இவை. முதல் தொகுப்பு 1911இல் வந்தது. அதில் முதல் கதை ஒரு நீலக்கல் சிலுவையைப் பற்றியது. பிளம்போ என்ற பெரிய திருடன் பாதிரி வேடம் போட்டுக்கொண்டு, குள்ளமான, குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஒரு பாதிரியாரோடு லண்டனில் நடக்கிறான். பின்னால் ஒரு பொலிஸ் அதிகாரி துரத்துகிறார். வழியெல்லாம் விசித்திரமான சம்பவங்கள். ஒரு கடையில் உப்பும் சீனியும் மாறிக் கிடக்கின்றன, இன்னோர் இடத்தில் கண்ணாடி உடைகிறது. எல்லாமே பொலிஸ் பின்தொடர்ந்து வருவதற்காக அந்த அப்பாவிப் பாதிரியார் விட்டுப்போன தடயங்கள். பிளம்போ பொய்ப் பாதிரி என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால், நீ பகுத்தறிவைத் தாழ்த்திப் பேசினாய், உண்மையான குருவானவர் அப்படிப் பேசமாட்டார் என்கிறார். மனிதர் செய்த பாவங்களை நாள் முழுக்கப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்கு உலகத்தின் தீமை தெரியாமல் இருக்குமா என்பதும் அவருடைய வாதம். இதைச் சொன்னபோது மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் கள்ளன் திருந்தினானோ?" என்று கேட்டார். திருந்துகிறான், மாமி. பிறகு வரும் கதைகளில் பாதிரியாருக்கே நண்பனாகிவிடுகிறான். கள்ளனைப் பிடிப்பதோடு அவருக்கு வேலை முடிவதில்லை. அவனுடைய ஆன்மாவும் அவருக்கு வேண்டியிருக்கிறது. எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் முடிச்சு சரியாக அவிழவில்லை, சீனர்களையும் இந்தியர்களையும் பற்றி எழுதியிருக்கிற விதமும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், 'த மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. 1920இல் வெளிவந்தது. வாசிக்காதவர்கள், வாசிக்க நினைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடுங்கள், நஞ்சு வேலை செய்த முறையைச் சொல்லப்போகிறேன். நான் பாமசியில் வேலை செய்கிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் கிறிஸ்டி ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கலக்கும் பகுதியில் வேலை செய்தவர். அந்த அறிவு நாவல் முழுக்க இருக்கிறது. கிழவி குடிக்கும் டொனிக்கில் அந்தக் கால வழக்கப்படி கொஞ்சம் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு இருக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் அது ஆபத்தில்லாத அளவு. அதற்குள் புரோமைட் தூளைப் போட்டால் ஸ்ட்ரிக்னின் கரைசலில் நில்லாமல் அடியில் போய்ப் படிந்துவிடும். மேலே உள்ளதைக் குடிக்கும் நாளெல்லாம் ஒன்றும் நடக்காது. கடைசி வேளை முழு நஞ்சு. கொலைகாரன் அன்றைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை!

பிள்ளைகளுக்கு அன்டிபயோட்டிக் பாணி வாங்க வருகிற அம்மாமாரிடம் "போத்தலை நல்லாக் குலுக்கிப்போட்டுக் குடுங்கோ" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறோம். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும். தொடக்கத்தில் பிள்ளைக்கு மருந்து காணாது, கடைசியில் அளவுக்கு மிஞ்சும். அந்தச் சாதாரண வாக்கியத்துக்குள் ஒரு கொலை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த மூளைக்கு என் வணக்கம். அந்த நாவலை ஒரு மருந்தாளர் சஞ்சிகையே பாராட்டி எழுதியதாம், நஞ்சைச் சரியாகக் கையாண்டதற்காக. எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

ஆனால் எனக்கு அந்தப் புத்தகம் பிடித்ததற்கு நஞ்சு மட்டும் காரணமில்லை. துப்பறிகிற புவாரோ போரினால் பெல்ஜியத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதி. செத்துப்போன கிழவிதான் அவருக்கும் அவரோடு வந்த அகதிகளுக்கும் தங்க இடம் கொடுத்தவள். அந்த வீட்டில் அவளை யாரும் உருகி உருகி நேசிக்கவில்லை என்பதைப் புவாரோ கவனிக்கிறார். ஆனாலும் எங்களுக்கு நல்லது செய்தவள், அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்கிறார். முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் இருந்து எழும்பி வந்த ஊர் எங்கள் ஊர். ஒரு பாய் தந்தவரை, ஒரு நேரச் சோறு தந்தவரை நாங்கள் மறப்பதில்லை. புவாரோவை மீசையும் பகட்டுமாகப் படங்களில் பார்த்தவர்கள் இந்த இடத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

இனி, நான் அதிகம் அலைக்கழிந்த புத்தகம். ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோவின் 'சைலன்ஸ்'. 1966இல் வந்தது. எண்டோ கத்தோலிக்கர். கதை நடப்பது 17ஆம் நூற்றாண்டில், ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில். சித்திரவதைக்குப் பிறகு வேதத்தை மறுதலித்துவிட்டார் என்று சொல்லப்படும் தன் குருவைத் தேடி ரொட்ரிகஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரி ஒளித்துப் போகிறார். பெரேய்ரா என்ற அந்தக் குரு உண்மையில் வாழ்ந்தவர், 1633இல் மறுதலித்தவர்.

இதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு வாசிப்பது வேறு விதமான அனுபவம். எங்களுக்குப் போர்த்துக்கேயர் என்றால் கோணேசர் கோயிலை இடித்தவர்கள். சம்பந்தர் பதிகம் பாடிய கோயிலை 1620களில் இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் நாங்கள் அர்ச்சனைத் தட்டோடு அந்தக் கோட்டைக்குள்ளால் நடந்துதான் சுவாமி மலைக்கு ஏறுகிறோம். வாசல் கல்லில் இணைக்கயலும் தமிழ் எழுத்தும் இப்போதும் தெரிகின்றன. பள்ளிக்கூடக் காலம் முதல் 'பறங்கி' என்ற சொல்லை நாங்கள் கோபம் இல்லாமல் சொன்னதில்லை. அதே காலத்தில்தான், 1622இல், நாகசாகியில் ஒரே நாளில் 55 கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். இங்கே அதிகாரத்தோடு நின்றவர்களின் மதம் அங்கே குடிசைக்குள் ஒளிந்து செபம் சொன்னது.

நாவலில் மொக்கிச்சி என்று ஓர் ஏழைக் குடியானவன் வருகிறான். அவனையும் இன்னொருவனையும் கடலோரத்தில் மரத்தில் கட்டி விடுகிறார்கள். அலை ஏறும்போது நாடிவரை தண்ணீர், இறங்கும்போது குளிர். சாகச் சில நாட்கள் எடுக்கிறது. மொக்கிச்சி பாட்டுப் பாடுகிறான். பிறகு பாட்டு நிற்கிறது. கடல் மட்டும் முன்போலவே கிடக்கிறது. பாதிரியாருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை: இவ்வளவு நடந்தும் கடவுள் ஒன்றும் சொல்லவில்லையே. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை பேர் இதே கேள்வியைக் கோயிலிலும் பள்ளியிலும் தேவாலயத்திலும் கேட்டார்கள்! நான் சைவப் பிள்ளை. ஆனால் அந்தப் பக்கங்களில் எனக்கு ஒரு பறங்கிப் பாதிரியார் தெரியவில்லை. பதில் வராமல் தவிக்கிற ஒரு மனிதன்தான் தெரிந்தான். அதற்காகக் கோயிலை இடித்ததை மறந்துவிடச் சொல்லவில்லை, மறக்கவும் மாட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க இந்த நாவல் எனக்கு இடம் தந்தது.

கிச்சிஜீரோ என்ற பாத்திரத்தையும் சொல்லவேண்டும். பயந்தவன். காட்டிக்கொடுக்கிறான், அழுதுகொண்டு வந்து மன்னிப்புக் கேட்கிறான், திரும்பவும் காட்டிக்கொடுக்கிறான். பாதிரியாருக்கு அவனைக் கண்டால் அருவருப்பு. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் உயிருக்குப் பயந்த காலங்களில் யார் எதைச் சொன்னார்கள், யாரைக் கைகாட்டினார்கள் என்பதெல்லாம் எங்கள் ஊரிலும் இன்னும் ஆறாத கதைகள்தானே. அப்படிப்பட்டவனையும் எண்டோ கைவிடவில்லை. பக்தி நூல் என்று நாங்கள் வாங்கி அடுக்கி வைக்கிற பலவற்றில் பலவீனமானவனுக்கு இடமே இல்லை. நம்பினார் கெடுவதில்லை என்று முடித்துவிடுவார்கள். கெட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று அவற்றை எழுதுகிறவர்கள் ஒருநாளாவது யோசிக்க வேண்டும்.

'த டா வின்சி கோட்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2003இல் வந்த நாவல், ஓட்டம் நல்ல ஓட்டம், ஒரே இரவில் முடிக்கலாம். ஆனால் முதல் பக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, சீயோன் மடம் என்ற இரகசியச் சங்கம் 1099இல் தொடங்கியது என்கிறது. உண்மையில் அந்தப் பெயரில் பிரான்சில் ஓர் அமைப்பைப் பதிந்தது 1956இல், பியர் பிளாந்தார் என்பவர். கதை கதையாக இருந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வதுதான் பிடிக்கவில்லை. அதைவிட, தொடக்கத்தில் லூவ்ர் காட்சிச்சாலையில் சுடப்பட்டுச் சாகிறாரே அந்தப் பெரியவர், அவருக்காகப் பேத்தி அழக்கூட ஆசிரியர் நேரம் கொடுப்பதில்லை. புதிரை அவிழ்க்க ஓடிக்கொண்டே இருக்கிறாள். படத்தை 2006இல் எங்கள் நாட்டில் தடைசெய்தார்கள். தடை தேவையில்லை என்பதே என் கருத்து. வாசித்துவிட்டு இது சரியில்லை என்று சொல்ல வாசகர்களுக்குத் தெரியும்.

ஹிகாஷினோ கெய்கோவின் 'த டிவோஷன் ஒஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' வேறு ரகம். யார் கொன்றது, யாரைக் கொன்றது என்று தொடக்கத்திலேயே தெரியும். தாயும் மகளும் தற்காப்பில் செய்துவிட்ட கொலையை, பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் மறைத்துக் கொடுக்கிறார். எப்படி மறைத்தார் என்பதுதான் புதிர். எல்லாம் கண் முன்னாலேயே இருக்கிறது, ஆனாலும் தெரியாது. ஜப்பானில் நவோக்கி விருது வாங்கிய நாவல், வாங்கவேண்டியதும்தான். ஆனால் இதைப் பெரிய காதல் கதை என்று புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடைசியில் தெரியவரும் உண்மையில், யாருமே தேடாத ஒரு மனிதன் இருக்கிறான். இதற்குமேல் சொன்னால் கதை கெட்டுவிடும். காணாமல் போனவர்களின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவள் நான். தேட ஆளில்லாதவன் என்பதற்காக ஒரு மனிதனைக் கணக்கில் ஒரு எண்ணாக எடுத்துக்கொள்வதை அன்பு என்று என்னால் ஏற்க முடியாது. ஹிகாஷினோவும் ஏற்கவில்லை என்றே நினைக்கிறேன். கடைசிப் பக்கத்து அழுகையை வாசித்தவர்களுக்குப் புரியும்.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' மறுவாசிப்பு. பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மோதிக்கொள்கிற இடங்கள் இப்போதும் புதிதாகவே இருக்கின்றன. இரவில் தனியாக வாசிக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விடயம். இவ்வளவு வெளிநாட்டுப் புத்தகம் வாசிக்கிற நாங்கள் எங்கள் ஊர் எழுதியதை வாசித்திருக்கிறோமா? ஈழத்துத் தமிழ் நாவலின் ஆரம்ப காலத்திலேயே திருகோணமலை இருக்கிறது. 1891இல் இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதினார். ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தழுவிய, சமயமும் சாகசமும் கலந்த நூல். 1895இல் சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். அடுத்து இந்த இரண்டையும் வாசிக்க விருப்பம். ஊரில் யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கி, உறை போட்டு வாசித்துத் திருப்பித் தருவேன். மாமியும் வாசிக்கக் கேட்டிருக்கிறார்.