மொட்டை மாடி வீடியோவை எனக்கும் அனுப்பி வைத்த நல்லவர்களுக்கு

எந்த வீடியோன்னு விளக்கப் போறதில்லை. பார்த்தவங்களுக்குத் தெரியும், பார்க்காதவங்க புண்ணியவான்கள். மொட்டை மாடியில கஞ்சா இழுத்தான்னு காலேஜ் படிக்கிற பையன் சட்டையைப் பிடிச்சு, "அப்பன் பேரைச் சொல்றா"ன்னு மிரட்டி, அவன் அழுறதைக் கிட்டப் போய்ப் படம் பிடிச்சு, கீழே "சமூக அக்கறையுடன் பகிரவும்". அக்கறையாம்! மூஞ்சியை மறைக்கணும்னுகூடத் தோணாத அக்கறை.

கஞ்சா கெடுதல். அந்த வீடியோ அதைவிடக் கெடுதல். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"ஓ, கஞ்சாவுக்கு சப்போர்ட்டா?"ன்னு டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

என் சித்தி பையன் ஹாஸ்டல்ல கஞ்சா பழகினான். வீட்ல யாருக்கும் தெரியாது. ஒரு லீவுல வந்தவன், டிவியில செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பத்தித்தான் பேசுறார்னு சொன்னான். சித்தி போட்ட சோத்துல ஏதோ கலந்திருக்குன்னு தட்டைத் தள்ளிவிட்டான். செய்வினைன்னாங்க. மனநோய் தீரும்னு நம்பிப் போற குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் மனநல டாக்டர்கிட்ட போனோம். சைக்கோசிஸ்னு சொன்னார், எது நிஜம் எது பிரமைன்னு பிரிச்சுப் பார்க்க முடியாமப் போற நிலை. எந்த வயசுல ஆரம்பிச்சான், தினமுமா, குடும்பத்துல வேற யாருக்காவது மனநோய் இருந்ததா, இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். தாத்தாவோட தம்பி ஒருத்தர் ஊரை விட்டே போனவர். அவர் பேரையே எங்க வீட்ல எடுக்க மாட்டாங்க. அன்னைக்குத்தான் அந்தக் கதை வெளியே வந்துச்சு.

அதனால "சிவ மூலிகை ப்ரோ, இயற்கை ப்ரோ"ன்னு வர்ற தம்பிகளும் தள்ளி நில்லுங்க. எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஒத்துக்கறேன். ஆனா யாருக்கு ஆகும்னு இழுக்கிறதுக்கு முன்னாடி சொல்ல ஆள் இல்லை. கனடாவுல 2018-லேயே அனுமதிச்சாச்சேன்னு சொல்றீங்க. அங்கேயும் கியூபெக் மாகாணத்துல 21 வயசு ஆகாம வாங்க முடியாது. தாய்லாந்து 2022-ல திறந்துவிட்டுட்டு 2025-ல மருந்துச் சீட்டு வேணும்னு திரும்பி வந்துச்சு. போதும், உங்களோட இன்னைக்கு எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அக்கறைக்காரங்களோடதான். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல சார்?" இருக்கு. 1985-ல வந்த போதைப்பொருள் சட்டம். கஞ்சாவைப் பயன்படுத்தினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும். அதே சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவும் இருக்கு. போதைக்கு அடிமையானவன் தானா முன்வந்து, அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்கிலிருந்து விலக்கு உண்டு. அவ்வளவு கடுமையான சட்டமே ஒரு கதவைத் திறந்து வச்சிருக்கு. உங்க குரூப் அட்மின் திறக்க மாட்டேங்கிறார். வீடியோ எடுத்து மானத்தை வாங்கின பிறகு எந்தப் பையன் சார் தானா முன்வருவான்?

எய்ம்ஸ் 2019-ல ஒரு அறிக்கை கொடுத்துச்சு. நாட்டுல குடிக்கிறவங்க சுமார் 16 கோடி. கஞ்சா, பாங்கு எல்லாம் சேர்த்து 3 கோடி சொச்சம். அந்த 16 கோடியில யாரையாவது மாடியில நிறுத்தி அப்பன் பேரைக் கேட்டிருக்கீங்களா? கேட்க மாட்டீங்க. கேட்கிற கூட்டத்துலயே பாதிப் பேர் மாட்டுவாங்க. அவங்களுக்குத் தமிழ்நாட்டுல 2003-லிருந்து அரசாங்கமே கடை போட்டு ஊத்திக் கொடுக்குது.

"அதுவும் இதுவும் ஒண்ணா?" ஒண்ணு இல்லைதான். போங்க.

எங்க குடும்பத்துல ஒரு மாமா. எந்தக் கல்யாணம்னாலும் முதல் நாள் ராத்திரியே ஏத்திக்குவார். ஒரு தடவை பந்தியில இலை மேலயே விழுந்தார். "மாமா இன்னைக்கு ஜாலியா இருக்கார்"னு தூக்கி உட்கார வச்சாங்க. அதே மாமா, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டிருந்த என் தம்பியைப் பார்த்து, எல்லார் முன்னாடியும், "இந்தக் கஞ்சா கேஸை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"ன்னு கேட்டார். சித்தி கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டாங்க. பின்னாடியே போய்க் கூப்பிட ஒருத்தர் இல்லை. ரசம் ஊத்திக்கிட்டு இருந்தாங்க எல்லாரும். இதுல அந்த மாமாவும் நேத்து எனக்கு வீடியோவை அனுப்பியிருக்கார், கைகூப்புற படம் போட்டு.

உறவே வேண்டாம்னு தோணுது சில நேரம். சரி, அது வேற.

அந்தப் பையன் தினமும் இழுக்கிறவனா, அன்னைக்குத்தான் முதல் தடவையா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவங்கம்மா இந்நேரம் போனை எடுக்கவே பயந்து உட்கார்ந்திருப்பாங்க, அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்.

அவன் வீட்டைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க. 14416-ன்னு அரசோட மனநல ஆலோசனை எண் இருக்கு, காசு கிடையாது. அதைச் சொல்லணும். எங்களுக்குப் பார்த்த டாக்டர் பேரையும் சொல்லணும். கமெண்டில வீடியோ லிங்க் போடுறவங்க, மாமாவா இருந்தாலும் பிளாக்.