மச்சினனுக்கு ஒரு பலகை

மனைவி: என்னங்க, தம்பி பிறந்த நாளுக்குக் காற்றடித்து, தண்ணீரில் நின்றுகொண்டே துடுப்புப் போட்டு ஓட்டுகிற பலகை, அதுதான் பேடில் போர்டு, வாங்கலாமா?

கணவர்: நின்றா? அவன் சாப்பிடும்போதுகூடப் படுத்துக்கொண்டுதானே சாப்பிடுகிறான்!

மனைவி: முதலில் முட்டி போட்டுத்தான் பழகுவார்களாம். அவன் எடை எவ்வளவு? பலகை எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கணவர்: போன மாதம் 75 கிலோ என்றான்.

மனைவி: சரி, 90 என்று வைத்துக்கொள்வோம்.

கணவர்: நாயையும் ஏற்றிக்கொள்வானே!

மனைவி: அப்படியானால் 105. நீளம் பத்தரை அடி, அகலம் 33 அங்குலம், தடிமன் 6 அங்குலம். புதிதாக ஏறுகிறவர்களுக்கு அகலம் இருந்தால்தான் ஆட்டம் குறையும்.

கணவர்: இதோ, 26 அங்குல அகலத்தில் ஒன்று. எவ்வளவு ஒயிலாக இருக்கிறது பார்!

மனைவி: அது பந்தயப் பலகை. அவன் தண்ணீரில் விழுவதைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு ஆசையா?

கணவர்: சேச்சே! ஆமாம், காற்றடைத்த பலகை நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடாதா?

மனைவி: உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பலூன் மாதிரி உப்பாது. 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரும்வரை காற்றடித்தால் மரப்பலகை மாதிரி நிற்கும்.

கணவர்: காலில் கட்ட ஏதோ கயிறு போட்டிருக்கிறதே?

மனைவி: விழுந்தால் காற்று பலகையைத் தள்ளிக்கொண்டு போய்விடுமே, அதற்கு. ஓடுகிற ஆற்றில் மட்டும் காலில் கட்டக் கூடாது. எதிலாவது சிக்கினால் குனிந்து கழற்ற முடியாது. அங்கே இடுப்பில், சட்டென்று கழற்றுகிற பெல்ட்தான். லைஃப் ஜாக்கெட்டும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

(பலகை வந்து சேர்ந்தது. காற்று இறங்குகிறதா என்று ஒரு நாள் அடித்து வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது மனைவியின் கட்சி. பம்ப் யார் கைக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.)

கணவர்: நூறு தடவை அடித்துவிட்டேன். பம்பில் அழுத்தம் காட்டுகிற முள் அசையவே இல்லை. பம்ப் கெட்டுப்போய்விட்டது.

மனைவி: பலகை விறைத்த பிறகுதான் முள் நகரும். அடியுங்கள்.

கணவர்: 7... மறுபடியும் 7... அம்மாடி, இந்தக் கைப்பிடியை அழுத்த நான் மேலே ஏறி உட்கார வேண்டும் போலிருக்கிறது!

மனைவி: பம்பின் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதைக் கழற்றுங்கள். அப்புறம் அழுத்தும்போது மட்டும்தான் காற்று போகும், கை லேசாகும்.

கணவர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

மனைவி: முதலிலேயே கழற்றினால் ரொம்ப நேரம் ஆகும். உங்கள் நன்மைக்குத்தான்.

(முள் ஒரு வழியாக 15-ஐத் தொட்டது. பலகையின் வால் ஃபிரிட்ஜைத் தொட்டது. மூக்கு வாசல் கதவை முட்டிக்கொண்டு நின்றது.)

கணவர்: பார்த்தாயா! ஏறி நின்றாலும் துளி வளையவில்லை.

மனைவி: அது இருக்கட்டும், துடுப்பைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். தண்ணீரைத் தள்ளுகிற தட்டையான அலகின் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். அப்புறம் அது வால் பக்கம். நீங்கள் ஃபிரிட்ஜை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

(அழைப்பு மணி அடிக்கிறது.)

மனைவி: ஐயோ, தம்பி குரல்! காற்றை இறக்குங்கள்!

கணவர்: அடித்து முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையே!

மனைவி: வால்வின் நடுவில் இருக்கும் குமிழை அழுத்தித் திருகுங்கள். சீக்கிரம்!

(புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!)

மனைவி (கதவு வழியாக): ஒன்றுமில்லைடா... அத்தான் பெருமூச்சு விடுகிறார்... ஆமாம், இன்னும் விட்டு முடிக்கவில்லை!