நிலா முட்டைக்கு எத்தனை மார்க்?

மாசி மகத்துக்கு மறுநாள் ராத்திரி. புதுச்சேரி லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டை மாடி. ஐந்து பேர் சேர்ந்து ‘டாக்டர் ஹூ’ பார்த்தோம், டாக்டர் என்று மட்டுமே பெயர் சொல்லிக்கொள்ளும் ஒருவர் நீலப் பெட்டி ஒன்றில் காலத்தையும் விண்வெளியையும் தாண்டிப் போகும் பிரிட்டிஷ் தொடர். எட்டாவது சீசனில் ஏழாவது எபிசோடு, ‘கில் தி மூன்’. 2014 அக்டோபர் 4 அன்று பிபிசியில் வந்தது. பார்த்து முடித்தபோது மணி பத்தரை. சண்டை முடிந்தபோது ஒன்றரை. அதற்கு மேல் கடலூர் பஸ்ஸைத் தேடிப் போகத் தெம்பில்லாமல் அங்கேயே பாயை விரித்துவிட்டேன்.

பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், முழுக் கதையையும் சொல்லப் போகிறேன்.

2049. நிலாவின் எடை திடீரென்று கூடிவிட்டது. பூமியில் கடல் ஏறி ஊர்களை அழிக்கிறது. நிலாவைத் தகர்க்க ஒரு பெண் கேப்டன் தலைமையில் மூன்று பேர், நூறு அணுகுண்டுகளோடு பழைய விண்வெளி ஓடம் ஒன்றில் வந்து இறங்குகிறார்கள். அதே நேரத்தில் டாக்டரும் (பீட்டர் கபால்டி), பள்ளி ஆசிரியை கிளாராவும், அவள் பள்ளியில் படிக்கும் ஒரு வாயாடிப் பெண்ணும் அங்கே வந்து சேர்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அது நிலாவே இல்லை, முட்டை. உள்ளே ஏதோ ஒன்று பொரியப் போகிறது. கொல்வதா, விடுவதா? “இது உங்கள் நிலா, நீங்களே முடிவு பண்ணுங்கள்” என்கிற மாதிரி சொல்லிவிட்டு டாக்டர் தன் பெட்டியில் ஏறிப் போய்விடுகிறார்.

எங்களில் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவர். படம் முடிந்த மறு நொடி, “முட்டைக்கு முட்டை மார்க்தான்” என்றார். அவர் கணக்கு இது. கதையில் நிலா கூடுதலாகப் போட்ட எடை 130 கோடி டன். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நிலாவின் நிறை ஏழு லட்சம் கோடி கோடி டன்னுக்கும் மேல். “பத்து டன் மணல் லாரி ஒண்ணு நிக்குது. அது மேல ஒரே ஒரு பொடி மணலைக் கொண்டு போய்ப் போடு. அவ்வளவுதான் கூடியிருக்கு. அதுக்கா கடல் பொங்கும்?” நான் நம்பாமல் போனை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு மணல்.

அவர் அதோடு விடவில்லை. நிலாவில் நம்மைப் போலவே நடக்கிறார்கள், ஆகவே ஈர்ப்பு ஆறு மடங்கு ஆகியிருக்க வேண்டும், அப்படியென்றால் 130 கோடி டன் எப்படிப் போதும் என்றார். ஒரே நேரத்தில் எல்லா ஊரிலும் கடல் ஏறிவிட்டதாக ஒரு வசனம் வருகிறது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஓரிடத்தில் தண்ணீர் ஏறினால் இன்னோர் இடத்தில் வற்றியாக வேண்டும், எல்லாப் பக்கமும் ஏற எந்தக் குழாயைத் திறந்துவிட்டார்கள்? கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் படகு கட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றவும் செய்யும். தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வரும்.

என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன். எங்கள் ஆயா அடைவைக்கும் முட்டையில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பார். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். அத்தனை நாளும் முட்டை எடை குறையுமே தவிர கூடாது, ஓட்டின் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே குஞ்சு வளர்வதால் முட்டை கனக்கிறது என்று எழுதியவர் வீட்டில் கோழி வளர்த்ததில்லை.

எதிர்க்கட்சி, வீட்டுக்கார அக்கா. இந்த எபிசோடை நான்காவது முறையாகப் பார்க்கிறார், கடைசியில் கிளாரா டாக்டரிடம் கோபத்தில் வெடிக்கும் இடத்தில் இந்த முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நேரம் காலம் தாண்டிப் போற நீலப் பெட்டியை நம்புவீங்க, முட்டையை மட்டும் நம்ப மாட்டீங்களா?” என்றார். ஆசிரியர் கொஞ்சம் திணறினார். பெட்டி தொடரின் விதி, எடையும் கடலும் நம் உலகத்தின் விதி என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஆனால் அக்காவின் முக்கியமான வாதம் அது இல்லை. “மூணு பொம்பளைங்க தலையில முடிவைக் கட்டிட்டு, எல்லாம் தெரிஞ்ச ஆள் நைசா கெளம்பிட்டான். உன் நல்லதுக்குத்தான்னு அப்புறமா வந்து சொல்றான். அவ கேக்குறா பாரு, அந்தக் கேள்விக்குத்தான் நான் பார்க்கறேன்.” கருக்கலைப்பு விவாதத்தைத்தான் மறைமுகமாகப் பேசுகிறது என்று இதை வெறுக்கும் ரசிகர்களும் உண்டு. அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. அவருக்கு அது ஒரு நல்ல நண்பன் கைவிட்ட கதை, அவ்வளவுதான். அந்தக் காட்சியில் கிளாராவாக வரும் ஜென்னா கோல்மன் நடிப்பைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இரண்டு கட்சியும் தொடாத இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஓட்டெடுப்பு.

கிளாரா பூமிக்கே ஒரு செய்தி அனுப்புகிறாள். உள்ளே இருக்கும் உயிரை வாழ விடலாம் என்றால் விளக்கை எரிய விடுங்கள், கொல்ல வேண்டுமென்றால் அணையுங்கள். ஒரு மணி நேரம்கூட அவகாசம் இல்லை. மேலேயிருந்து பார்க்கிறாள். விளக்குகள் பரப்பு பரப்பாக அணைகின்றன. மனிதகுலம் கொல்லச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த நேரத்தில் பூமியில் பாதிக்குப் பகல், அங்கிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு நினைவுக்கு வந்ததோ ‘தானே’ புயல்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது பன்னிரண்டாம் நாள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த லைன்மேன்கள் சாலையோரம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கம்பம் நட்டார்கள். மெழுகுவர்த்தி விலை ஏறிவிட்டது, அப்புறம் கிடைக்கவே இல்லை. நல்ல வேளை, வளர்பிறை. ஒவ்வொரு ராத்திரியும் வெளிச்சம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. ஜனவரி 9 பௌர்ணமி. அன்று தெருவே வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டது. மரங்கள் விழுந்துவிட்டதால் மறைக்கவும் ஒன்றுமில்லை, அப்படி ஒரு நிலாவை எங்கள் தெருவில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று கிளாரா மேலேயிருந்து பார்த்திருந்தால் எங்கள் மாவட்டம் இருட்டாகத் தெரிந்திருக்கும். நிலாவைக் கொல்லுங்கள் என்று ஓட்டுப் போட்டவர்கள் கணக்கில் எங்களைச் சேர்த்திருப்பாள், நிலா வெளிச்சத்தில் சோறு தின்றுகொண்டிருந்த எங்களை.

இதை எழுதியவர் கரண்ட் போகாத ஊர்க்காரர். விளக்கை அணைப்பது வீட்டில் இருப்பவர் விருப்பம் என்று அவருக்கு ஓர் எண்ணம். வெள்ளம் வந்து பாதி உலகம் முழுகிய 2049-இல் ஊருக்கு ஊர் கரண்ட் இருக்கும் என்று வேறு நம்புகிறார். மணல் லாரிக் கணக்கு தப்பு என்றால் ஒரு வசனத்தை மாற்றினால் போதும். இது கதையின் நடுக் கம்பம். சரி, கதாபாத்திரங்களாவது இதைக் கேட்டிருக்கலாம். “கீழே கரண்ட் இருக்கிறதா?” என்று அந்தக் கேப்டன் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

கடைசி நொடியில் கிளாரா ஓட்டெடுப்பை மீறி வெடிகுண்டை நிறுத்துகிறாள். அது எனக்குப் பிடித்தது. ஊரே சொன்னாலும் கை நடுங்குகிற ஒருத்தி. அதற்கு அடுத்த பத்து நிமிடங்களில்தான் எழுதியவர் நழுவிவிட்டார். ஓடு உடைகிறது, பறவை மாதிரி ஒன்று பறக்கிறது, போகிற போக்கில் அதே அளவில் புது முட்டை ஒன்றை இட்டுவிட்டுப் போகிறது. பழைய நிலா இருந்த இடத்தில் புது நிலா. உடைந்த முட்டையைக் கொண்டுபோனால் அண்ணாச்சி கடையில் மாற்று முட்டை கொடுப்பார்களே, அது மாதிரி.

நிலா இல்லாமல் போயிருக்க வேண்டும். ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு விலை அதுதான் என்று விட்டிருக்க வேண்டும். முந்தின நாள்தான் தேவனாம்பட்டினத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் வண்டி கட்டி வந்து வெள்ளி கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வரிசையாக நின்றன. அவ்வளவு கூட்டமும் ஒரு பௌர்ணமியை ஒட்டி வருவது. அது போய்விட்டால் பஞ்சாங்கத்தில் திதிக்கு என்ன அர்த்தம், உப்பனாற்றில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும், முதல் இருட்டு ராத்திரியில் கிளாரா பூமியில் எந்த முகத்தோடு நடப்பாள்? எனக்கு அந்த எபிசோடு வேண்டும்.

ஒன்றை மட்டும் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கதைப்படி 2049-இல் மனிதன் விண்வெளியையே மறந்துவிட்டான், ஓடத்தைக்கூட அருங்காட்சியகத்திலிருந்துதான் எடுத்து வருகிறார்கள். இது ஒளிபரப்பாவதற்குப் பத்து நாள் முன்புதான், 2014 செப்டம்பர் 24 அன்று, மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், பக்கத்து விழுப்புரத்துக்காரர். இதை வைத்து ஆசிரியர் இன்னொரு மார்க்கைக் குறைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. இன்னும் காலம் இருக்கிறது, மறந்தாலும் மறப்போம்.

ஒன்றரை மணிக்கு அக்கா தண்ணீர் சொம்போடு வந்து, “நான் கூப்பிட்டது படம் பார்க்க” என்று சொல்லிவிட்டு மாடி விளக்கை அணைத்தார். இருட்டில் ஆசிரியர் குரல்: “அக்கா கொல்லச் சொல்லி ஓட்டுப் போட்டுட்டாங்க.”

அடுத்த வாரம் அதே சீசனின் எட்டாவது எபிசோடு, ஓடும் ரயிலில் மம்மி. கால்குலேட்டர் கொண்டு வரக்கூடாது என்பது அக்காவின் நிபந்தனை.